'மழையால்', 'மழை பெய்ததால்': பாடக் குறிப்பை வைத்தே ஆங்கிலம் கற்பிக்கும் முறை

வந்தாறுமூலையில், கிழக்குப் பல்கலைக்கழகத்தில், விஞ்ஞானம் படிக்கும் முதலாம் வருட மாணவர்களுக்கு ஆங்கிலம் கற்பிக்கிறேன். உயர்தரத்தில் இரசாயனவியலையும் உயிரியலையும் தமிழில் படித்து, நல்ல பெறுபேறு எடுத்து வந்த பிள்ளைகள். பல்கலைக்கழக அனுமதியைத் தீர்மானிக்கும் இஸட் புள்ளிக்குப் பொது ஆங்கிலம் சேராது என்பதால் அதற்கு நேரம் ஒதுக்காதவர்கள் பலர். இங்கே விரிவுரையும் குறிப்பும் ஆங்கிலத்தில். அவர்களிடம் போய் விமான நிலையத்தில் வழி கேட்கும் உரையாடலை வாசிக்கச் சொல்வது அநியாயம். அடுத்த வாரம் அவர்கள் எழுதியாக வேண்டிய ஆய்வுகூட அறிக்கையை எடுங்கள். பாடம் அதிலேயே இருக்கிறது.

முதலில் பாட விரிவுரையாளரிடம் அரைப் பக்கக் குறிப்பு வாங்குங்கள். அதற்கு மேல் ஒன்றரை மணி நேர வகுப்பு தாங்காது.

என் வகுப்பில் எப்போதும் சூடு பிடிப்பது மட்டக்களப்பு வாவியின் உவர்த்தன்மை. கரும்பலகையில் வரைபுக்கு இரண்டு அச்சுகள் வரைந்து, கீழே மாதங்களை எழுதி, எந்த மாதத்தில் நீர் அதிகம் உவர்க்கும் என்று கேட்பேன். முதல் பத்து நிமிடம் தமிழிலேயே பேச விடுங்கள். விடயம் தெளிந்த பிறகுதான் மொழி பிடிபடும்.

பெரியகல்லாற்றிலிருந்து வரும் மாணவி ஒருவர். தந்தை வாவியில் வலை போடுகிறவர். கடைசி வரிசையில் பேசாமலே இருப்பார். அன்று எழுந்து வந்து வெண்கட்டியை வாங்கி, டிசம்பரில் கோட்டைச் சரசரவென்று கீழே இறக்கினார். "மாரி வெள்ளம் வாவிக்குள் வரும் மிஸ். முகத்துவாரத்து மணல் திட்டை வெட்டிவிட்டால் வெள்ளம் கடலுக்குப் போகும். பிறகு கடல் நீர் உள்ளே ஏறும்." எவ்வளவு தூரம் ஏறும் என்று கேட்டேன். எனக்கு உண்மையிலேயே தெரியாது. ஆசிரியர் தெரியாமல் கேட்கிறார் என்று புரிந்ததும் மாணவர் பேசும் விதமே மாறிவிடுகிறது.

இனி இலக்கணம். அவர் சொன்னது முழுவதும் காரணம். 'பிகாஸ்', 'டியூ டு' இரண்டையும் ஒன்றின் இடத்தில் மற்றதைப் போடுவதுதான் அறிக்கைகளில் நான் அதிகம் திருத்தும் பிழை. விதியாகச் சொன்னால் ஏறாது, தமிழில் காட்டுங்கள். 'மழை பெய்ததால்' என்பதற்குள் வினை இருக்கிறது: 'பிகாஸ் இட் ரெயின்ட்'. 'மழையால்' என்பதில் பெயர் மட்டுமே: 'டியூ டு ரெயின்'. இந்த வேறுபாட்டைச் சிறு வயதிலிருந்தே பிழையில்லாமல் கையாள்கிறவர்கள் அவர்கள். 'ஆவியாகிறது', 'ஆவியாதல்' என்று பக்கத்தில் பக்கத்தில் எழுதினால் 'இவாப்பரேட்ஸ்', 'இவாப்பரேஷன்' தானாக வந்து உட்காரும். 'மாதிரி எடுக்கப்பட்டது' என்று செய்முறைக் கொப்பி எழுதிப் பழகிய கைக்கு 'வாஸ் கலெக்டட்' அந்நியமல்ல. தமிழ் மொழிமூலம் படித்து வந்ததைக் குறையாகப் பேசுவோர் மீது எனக்குக் கோபம் உண்டு. அது இந்தப் பிள்ளைகளின் கைமுதல்.

சொற்களில், 'சலினிட்டி' (உவர்த்தன்மை) போன்ற கலைச்சொல்லுக்கு நேரம் செலவிட வேண்டாம். விரிவுரையில் பத்துத் தடவை காதில் விழும். தடுமாற வைப்பவை 'வேரி' (மாறுபடு), 'இன்டிகேட்' (சுட்டிக்காட்டு), 'வெயராஸ்' (ஆனால் மறுபுறம்) போன்றவை. நியூசிலாந்தின் அவெரில் கொக்ஸ்ஹெட் 2000 ஆம் ஆண்டில் வெளியிட்ட கல்விசார் சொற்பட்டியலில் இத்தகைய 570 சொற்குடும்பங்கள், அதாவது ஒரே சொல்லும் அதிலிருந்து பிறந்த வடிவங்களும் சேர்ந்த தொகுதிகள், இருக்கின்றன. எந்தப் பீடத்துக்கும் பொதுவானவை. வகுப்புக்கு நான்கு போதும்.

கடைசி இருபது நிமிடத்தில், வரைபைப் பார்த்து ஐந்து வாக்கியம் எழுதச் சொல்லுங்கள். திருத்தும்போது அன்று படித்த காரணச் சொல்லை மட்டும் திருத்துங்கள். மற்றப் பிழைகளை விட மனம் வராது, விடுங்கள். விடயம் சரியா என்பதைப் பாட விரிவுரையாளரிடம் காட்டிக் கேளுங்கள், ஊகித்துச் சரி போடாதீர்கள்.

அந்த மாணவி முதலில் எழுதியது, 'சலினிட்டி டிக்ரீஸஸ் டியூ டு த மொன்சூன்'. அடுத்த வாரம் அதையே 'பிகாஸ்' வைத்து எழுதச் சொன்னேன். 'மொன்சூன்' வரைக்கும் எழுதிவிட்டுப் பேனாவை நிறுத்தினார். வாய்க்குள் தமிழில் எதையோ சொல்லிப் பார்த்தார். பிறகு 'பிரிங்ஸ் பிரெஷ் வோட்டர்' என்று சேர்த்தார்.