பிராதுவைக் கடைசிப் பக்கத்திலிருந்து திருத்துங்கள்

சட்ட மாணவர் எழுதிய பிராதுவில், அதாவது சிவில் வழக்கைத் தொடங்கும் மனுவில், கடைசியில் வரும் பரிகாரத்தை (கோர்ட்டிடம் கேட்கும் தீர்வை) முதலில் படியுங்கள். அதைத் தாளின் தலையில் ஒரே வரியில் எழுதிக்கொண்டு, பிறகு முதல் பத்திக்கு வாருங்கள். கோர்ட் வேலைக்கு நடுவே பகுதிநேரமாக டிராஃப்டிங் (மனு எழுதும்) வகுப்பு எடுப்பவர்களுக்கு இது நிறைய நேரத்தை மிச்சப்படுத்தும்.

உரிமையியல் விசாரணை முறைச் சட்டம், கட்டளை 6 விதி 2, முக்கிய சங்கதிகளை மட்டும் சொல்லச் சொல்கிறது, சாட்சியத்தை அல்ல. வாதி கேட்கும் பரிகாரம்தான் எது முக்கியம் என்பதைத் தீர்மானிக்கிறது.

அம்பாசமுத்திரம் பக்கம் ஒரு நஞ்சை என்று வையுங்கள். மாணவர் நிரந்தர உறுத்துக்கட்டளை (பிரதிவாதி நிலத்தில் தலையிடக் கூடாது என்ற தடை) மட்டும் கேட்டிருப்பார். நாலாவது பத்தியிலோ, பிரதிவாதி பட்டாவைத் தன் பேருக்கு மாற்றிக்கொண்டு நிலமே தனக்குப் பாத்தியம் என்கிறார் என்று இருக்கும். அப்படியானால் விளம்புகையும் (நிலம் வாதிக்கே உரியது என்ற கோர்ட் அறிவிப்பு) கேட்டிருக்க வேண்டும். அனத்துலா சுதாகர் வழக்கில் 2008-இல் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக விளக்கியிருக்கிறது. மேலே எழுதிய வரியைப் பார்த்தபடி படித்தால் இந்த ஓட்டை உடனே கண்ணில் படும். சிவப்பு மையில் திருத்தித் தராதீர்கள், ஓரத்தில் கேள்வியாக எழுதுங்கள். அவர்களே கண்டுபிடித்தால்தான் மனதில் நிற்கும்.

ஜாமீன் மனுவுக்கு இது உதவாது, பரிகாரம் எப்போதும் ஒன்றே. சொத்து விவரத்தையும் இப்படிப் பிடிக்க முடியாது. சர்வே எண்ணையும் நான்கு எல்லைகளையும் பத்திரத்தோடு தனியாக ஒத்துப் பார்க்கத்தான் வேண்டும்.