விசுவாசமும் நற்கிரியைகளும்: வேதத்தில் வாசித்து வாழ்க்கையில் கைக்கொள்ளும் முறை

"மனுஷன் நியாயப்பிரமாணத்தின் கிரியைகளில்லாமல் விசுவாசத்தினாலேயே நீதிமானாக்கப்படுகிறான்" என்று ரோமர் 3:28இல் பவுல் எழுதுகிறார். "மனுஷன் விசுவாசத்தினாலேமாத்திரமல்ல, கிரியைகளினாலேயும் நீதிமானாக்கப்படுகிறான்" என்று யாக்கோபு 2:24 சொல்கிறது. நியாயப்பிரமாணம் என்பது மோசே வழியாக வந்த சட்டம்; நீதிமானாக்கப்படுதல் என்பது தேவனால் நீதிமானாக ஏற்றுக்கொள்ளப்படுதல். வேதபாட வகுப்பில் இவ்விரண்டு வசனங்களும் எதிரெதிராக வைக்கப்படும்போது, ஒருவர் ஒன்றைப் பிடித்துக்கொள்வார், மற்றொருவர் மற்றதைப் பிடித்துக்கொள்வார். நேரம் முடிந்ததும் இரண்டும் வேண்டும் என்று சொல்லி ஜெபத்தோடு கலைந்துவிடுவார்கள். இரண்டும் வேண்டும் என்பது பிழையல்ல. ஆனால் எது முந்தியது, எது எதிலிருந்து பிறக்கிறது, நாளைக் காலையில் எங்கே தொடங்குவது என்ற கேள்விகளுக்கு அதில் விடையில்லை. அந்த விடையைத் தேடுவோர் தனியாகவோ சிறு குழுவாகவோ பின்பற்றத்தக்க ஒரு முறையைக் கீழே தருகிறேன்.

வாசிக்கும் விதம்

மேற்கண்ட இரண்டு வசனங்களும் நீண்ட வாதங்களின் முடிவாக வருபவை. வாதத்தை விட்டுவிட்டு முடிவை மட்டும் எடுத்துக்கொண்டால் சண்டைதான் மிஞ்சும். எனவே முதலில் கலாத்தியருக்கு எழுதப்பட்ட நிருபத்தின் 6 அதிகாரங்களை ஒரே அமர்வில் வாசியுங்கள். இன்னொரு நாள் யாக்கோபின் 5 அதிகாரங்களையும் அவ்வாறே வாசியுங்கள். வாசிக்கும்போது, இங்கே யாருடைய தவறு திருத்தப்படுகிறது என்ற ஒரே கேள்வியைக் குறிப்பேட்டின் தலைப்பில் எழுதிவைத்துக்கொண்டு, விடை தட்டுப்படும் வசனங்களைக் குறித்துக்கொண்டே செல்லுங்கள். ரோமர் நிருபத்தைப் பிறகு வைத்துக்கொள்ளலாம். அது ஆழமானது, ஆனால் பிரச்சினை எங்கே வெடித்தது என்பதைக் கலாத்தியரில்தான் நேராகக் காண முடியும்.

அது வெடித்த இடம் ஒரு சாப்பாட்டுப் பந்தி. அந்தியோகியாவில் புறஜாதியாரிலிருந்து, அதாவது யூதரல்லாதாரிலிருந்து, வந்த விசுவாசிகளோடு பேதுரு உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். எருசலேம் சபையின் தலைவரான யாக்கோபினிடத்திலிருந்து சிலர் வந்தவுடன், விருத்தசேதனமுள்ளவர்களுக்குப் பயந்து எழுந்து விலகிக்கொண்டார். பவுல் அவரை முகமுகமாய் எதிர்த்ததை கலாத்தியர் 2:11-14 விவரிக்கிறது. விசுவாசத்தினால் நீதிமானாக்கப்படுதல் என்ற உபதேசத்தை அந்த நிருபத்தில் பவுல் முதன்முதலாக எடுத்துரைப்பது அதற்கு அடுத்த இரண்டு வசனங்களில்தான். ஆகவே கலாத்தியரில் பவுல் மறுக்கும் கிரியைகள், ஏழைக்குச் சோறு போடுவது போன்ற செயல்கள் அல்ல. விருத்தசேதனம், போஜன விதிகள் முதலிய நியாயப்பிரமாணச் செயல்களை நிபந்தனையாக்கி, இவன் உள்ளே, அவன் வெளியே என்று பிரிப்பதையே அவர் அங்கே எதிர்த்து நிற்கிறார். ரோமரிலும் எபேசியரிலும் அதே வாதம் விரிவடைந்து, எந்த மனிதனும் தன் எந்தச் செயலையும் காட்டித் தேவனுக்கு முன்பாக மேன்மைபாராட்ட முடியாது என்பதில் போய் முடிகிறது.

யாக்கோபு திருத்துகிற ஆட்கள் வேறு. தேவன் ஒருவர் உண்டென்று அறிக்கையிடுவதே போதும் என்று நினைத்தவர்களை நோக்கி, பிசாசுகளும் அதை விசுவாசித்து நடுங்குகின்றன என்கிறார். பொன்மோதிரம் போட்டவனுக்கு நல்ல இடமும், கந்தை கட்டியவனுக்குக் காலடியும் கொடுத்த சபை அது. வஸ்திரமும் ஆகாரமும் இல்லாத சகோதரனைப் பார்த்து, "சமாதானத்தோடே போங்கள், குளிர்காய்ந்து பசியாறுங்கள்" என்று வாயளவில் சொல்லி அனுப்பிய சபை.

இனி ஆபிரகாமுக்கு வருவோம். இருவருமே அவரைத்தான் சாட்சியாக அழைக்கிறார்கள். ஆதியாகமம் 15, 17, 22 ஆகிய மூன்று அதிகாரங்களை அந்த வரிசையிலேயே வாசிக்க வேண்டும். 15இல் ஆபிரகாம் கர்த்தரை விசுவாசிக்கிறார், அது அவருக்கு நீதியாக எண்ணப்படுகிறது. 17இல் விருத்தசேதனம் வருகிறது. 22இல் ஈசாக்கைப் பலிபீடத்தில் கிடத்துகிறார். 15ஆம் அதிகாரம் 17ஆம் அதிகாரத்துக்கு முந்தியது என்பதே ரோமர் 4இல் பவுலின் வாதம். 15இல் எண்ணப்பட்ட விசுவாசம் 22இல் நிறைவடைந்தது என்பதே யாக்கோபின் வாதம். "கிரியைகளினாலே விசுவாசம் பூரணப்பட்டது" என்று சொல்லிவிட்டு, 15ஆம் அதிகார வசனத்தையே அவரும் மேற்கோள் காட்டுகிறார். வரிசையில் இருவருக்கும் தகராறு இல்லை.

வாசிப்பின் கடைசிப் படியாக எபேசியர் 2:8-10ஐ மனப்பாடம் செய்யுங்கள். நம் ஓய்வுநாள் பாடசாலைகளில் பிள்ளைகள் 8ஐயும் 9ஐயும் ஒப்பித்துப் பரிசு வாங்குகிறார்கள். 10ஐ ஏனோ விட்டுவிடுகிறோம். கிருபையினால் இரட்சிக்கப்பட்டீர்கள், கிரியைகளினால் அல்ல என்று சொன்ன அதே மூச்சில், "நற்கிரியைகளைச் செய்கிறதற்கு நாம் கிறிஸ்து இயேசுவுக்குள் சிருஷ்டிக்கப்பட்டு, தேவனுடைய செய்கையாயிருக்கிறோம்" என்று பவுல் முடிக்கிறார். அந்த வசனம் இல்லாமல் முந்திய இரண்டும் பாதியில் நின்றுவிடுகின்றன.

உங்கள் சபை என்ன போதிக்கிறது என்பதையும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். சீர்திருத்தவாதி மார்ட்டின் லூத்தர் 1522இல் யாக்கோபின் நிருபத்தை மற்ற நிருபங்களோடு ஒப்பிட்டு வைக்கோல் நிருபம் என்றார். ஆனால் அதே ஆண்டு ரோமர் நிருபத்துக்கு எழுதிய முன்னுரையில், உயிருள்ள விசுவாசம் நன்மை செய்யலாமா என்று கேட்டுக்கொண்டிராமல், கேட்பதற்கு முன்பே செய்துவிடும் என்றும் எழுதினார். லூத்தரன் சபையாருக்கு 1530ஆம் ஆண்டின் ஆக்ஸ்பர்க் விசுவாச அறிக்கையில் 4, 6, 20ஆம் பிரிவுகளும், ஆங்கிலிக்க மரபினருக்கு 39 பிரமாணங்களில் 11ஆம் 12ஆம் பிரமாணங்களும், கத்தோலிக்கருக்கு திரெந்து பொதுச்சங்கம் 1547இல் வெளியிட்ட தீர்மானமும் அடிப்படை. கத்தோலிக்கத் திருச்சபையும் லூத்தரன் உலக சம்மேளனமும் 1999 அக்டோபர் 31 அன்று ஆக்ஸ்பர்க் நகரில் கையெழுத்திட்ட கூட்டறிக்கையையும் வாசிப்பது நல்லது. நம்முடைய எந்தத் தகுதியினாலுமல்ல, கிருபையினால் மட்டுமே நாம் தேவனால் ஏற்றுக்கொள்ளப்படுகிறோம் என்றும், நற்கிரியைகளுக்கு அழைக்கப்படுகிறோம் என்றும் இரு தரப்பும் அதில் ஒருங்கே அறிக்கை செய்திருக்கின்றன. கிறிஸ்தவர் ஒருவரையொருவர் 'கிரியைக்காரர்' என்றும் 'வெறும் விசுவாசக்காரர்' என்றும் ஏசுவதற்கு இனி அவ்வளவு இடமில்லை.

தன்னைச் சோதித்தல்

அடுத்து, பவுல், யாக்கோபு ஆகிய இருவரில் யார் உங்களை நோக்கிப் பேசுகிறார் என்று கண்டுகொள்ள வேண்டும். இங்கே நேர்மை தேவை, ஏனெனில் நமக்குத் தேவையில்லாத நிருபமே நமக்கு எப்போதும் பிடித்தமானதாக இருக்கிறது. எவ்வளவு செய்தாலும் தேவன் என்மேல் கோபமாகவே இருக்கிறார் என்று இரவில் விழித்துக்கிடப்பவர் யாக்கோபை எடுத்துத் தம்மை மேலும் வருத்திக்கொள்வார். அவருக்கு வேண்டியது ரோமர் 4. இரட்சிக்கப்பட்ட தேதியை ஆண்டுதோறும் சாட்சி சொல்லி, வீட்டுப் பணிப்பெண்ணின் சம்பளத்தை மாதம் பத்தாம் தேதிவரை இழுத்தடிப்பவர் எபேசியர் 2:8ஐச் சுவரில் மாட்டியிருப்பார். அவர் வாசிக்க வேண்டியது யாக்கோபு 5:4.

நம் வழக்கத்தில் உள்ள பொருத்தனையையும், அதாவது நேர்ந்துகொள்வதையும், இந்தச் சோதனைக்கு உட்படுத்தலாம். சாமுவேலின் தாய் அன்னாள் பொருத்தனை பண்ணினாள், வேதம் அதைக் கண்டிக்கவில்லை. ஆனால் மகனுக்கு வேலை கிடைத்தால் இவ்வளவு காணிக்கை, கிடைக்காவிட்டால் ஒன்றுமில்லை என்று பேசும் மனம், தேவனோடு விலை பேசுகிறது. கேட்டது கிடைக்காவிட்டாலும் அந்தக் காணிக்கையைக் கொடுப்பேனா என்று ஒவ்வொருவரும் தம்மைக் கேட்டுப் பார்க்கட்டும்.

செயலில் தொடங்குமிடம்

பெரும்பாலோர் நற்கிரியை என்றவுடன் தானத்தை நினைக்கிறார்கள். என் கருத்தில் தானம் இரண்டாவது, நியாயம் முதலாவது. அறுத்த வேலைக்காரருடைய கூலி பிடிக்கப்பட்டுக் கூக்குரலிடுகிறது என்று யாக்கோபு சொல்லும்போது, அவர் தர்மம் கேட்கவில்லை, கடனைக் கேட்கிறார். எனவே ஒரு தாளை எடுத்து, நீங்கள் கூலி கொடுக்கவேண்டிய அனைவரையும் எழுதுங்கள்: வீட்டு வேலை செய்பவர், கொத்தனார், சித்தாள், ஓட்டுநர், தையல்காரர், சபையில் பொறுப்பிலிருந்தால் ஆலயத்தைப் பெருக்கி மணியடிப்பவர். கொடுக்கவேண்டியது முழுதாக, சொன்ன நாளில் போய்ச் சேருகிறதா என்று பாருங்கள். திரும்பக் கொடாத கைமாற்று, கூடப்பிறந்தவளின் பங்கைச் சேர்த்து எழுதிக்கொண்ட பத்திரம் ஆகியவையும் இந்தத் தாளில் இடம்பெற வேண்டும். வரி வசூலித்த சகேயு அநியாயமாய் வாங்கினதை நாலத்தனையாகத் திரும்பக் கொடுப்பதாகச் சொன்னார். அதைச் சொல்வதற்கு முன்பே இயேசு தாமாகவே அவர் வீட்டில் தங்கவேண்டும் என்று சொல்லிவிட்டார் என்பதையும் லூக்கா 19இல் கவனித்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது பந்தி. "விசுவாசத்தைப் பட்சபாதத்தோடே பற்றிக்கொள்ளாதிருப்பீர்களாக" என்பது யாக்கோபு 2இன் முதல் வசனம். அந்தியோகியாவில் பவுல் எழுப்பியதும் இதே கேள்விதான். தமிழ்ச் சபைக்கு இது சாதி என்ற பெயரில் வந்து நிற்கிறது. கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன் 1833இல் சபைக்குள் சாதி வேறுபாடு அறவே ஒழிய வேண்டும் என்று எழுதியபோது, தஞ்சாவூரிலும் சென்னை வேப்பேரியிலும் பலர் எதிர்த்து நின்றார்கள். அவர்கள் எதிர்த்தது விசுவாசப்பிரமாணத்தை அல்ல. சபை அசனத்தில் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுவது இன்று எளிது. நம் வீட்டுக்கு யாரை உணவுக்கு அழைக்கிறோம், வரன் தேடும்போது எதை முதலில் விசாரிக்கிறோம், கல்லறைத் தோட்டத்தில் யாருக்கு எங்கே இடம் தருகிறோம் என்பவற்றை எழுதிப் பார்த்தால்தான் நம் விசுவாசத்தின் நிலை தெரியும். குழுவாகச் செய்பவர்கள் இந்தப் பகுதியைத் தவிர்த்துவிட்டு மேலே செல்லக்கூடாது. தவிர்க்கத் தோன்றும் என்பதை முன்கூட்டியே சொல்லிவைக்கிறேன்.

கொடுக்கும் முறை

தானத்துக்கு, பவுல் எருசலேம் சபையின் ஏழைகளுக்காகத் திரட்டிய நிதியைவிடச் சிறந்த பாடம் இல்லை. யாக்கோபு, கேபா என்னப்பட்ட பேதுரு, யோவான் ஆகியோர் பவுலுக்கு வலதுகை கொடுத்து அனுப்பியபோது, தரித்திரரை நினைத்துக்கொள்ளும்படி மாத்திரம் கேட்டுக்கொண்டார்கள் என்று கலாத்தியர் 2:9-10 கூறுகிறது. நிருபத்தை எழுதியவர் கர்த்தரின் சகோதரனாகிய இந்த யாக்கோபே என்பது சபை மரபு. விசுவாசத்தின் அப்போஸ்தலன் என்று நாம் போற்றுகிற பவுல் மக்கெதோனியாவிலும் அகாயாவிலும் பணம் சேர்த்து, யாக்கோபு மூப்பராயிருந்த ஊருக்கே அதைக் கொண்டுபோனார்.

அந்த நிதியை அவர் திரட்டிய விதம் அப்படியே பின்பற்றத்தக்கது. வாரத்தின் முதல் நாள்தோறும் அவனவன் தன் வரவுக்குத் தக்கதாகச் சேர்த்துவைக்க வேண்டும் என்கிறது 1 கொரிந்தியர் 16:2; உருக்கமான பிரசங்கத்தைக் கேட்டு அந்த நேரத்தில் பையைத் துழாவுவதல்ல அது. உலையில் போடும் அரிசியில் ஒரு பிடியைத் தனியே எடுத்துவைத்த நம் பாட்டிமார்கள் இதைச் சரியாகவே செய்தார்கள். இப்போது சம்பளம் வங்கிக் கணக்குக்கு வந்தவுடன் ஒரு பகுதியைப் பிரித்து வேறாக வைத்துவிடுங்கள். எவ்வளவு என்ற கேள்விக்கு 2 கொரிந்தியர் 8:12ஐப் பாருங்கள்: இல்லாததின்படியல்ல, உள்ளதின்படியே. விசனமாயுமல்ல, கட்டாயமாயுமல்ல என்று அடுத்த அதிகாரம் சேர்த்துக்கொள்கிறது. ஏன் கொடுக்க வேண்டும் என்பதற்கு அவர் காட்டும் காரணமோ சட்டம் அல்ல: ஐசுவரியமுள்ளவராயிருந்த கிறிஸ்து நமக்காகத் தரித்திரரானார் என்பதே. பிறர் பணத்தைக் கையாளும்போது பவுல் தனியாகச் செல்லாமல், சபைகள் தெரிந்தெடுத்த சகோதரரையும் உடன் வைத்துக்கொண்டார். ஆகையால் சபையின் தர்ம நிதிக்கு எப்போதும் இருவர் கையெழுத்தும் திறந்த கணக்கும் இருக்கட்டும். கொடுத்தவர் பெயரைக் கல்வெட்டில் பொறிப்பதை மத்தேயு 6:3ஐ வாசித்த பிறகு முடிவு செய்துகொள்ளுங்கள். வாங்குகிறவருடைய மனத்தையும் பவுல் மறக்கவில்லை: தாம் கொண்டுபோகும் உதவி எருசலேமிலுள்ள பரிசுத்தவான்களால் அங்கிகரிக்கப்பட வேண்டுமே என்று ஜெபிக்கச் சொல்கிறார் (ரோமர் 15:31). அரிசிப் பையோடு நிற்கும் ஏழையைப் புகைப்படம் எடுப்பவர்கள் அந்த வசனத்தில் சற்று நேரம் தங்கலாம்.

சில எச்சரிக்கைகள்

கிரியைகளைக் கொண்டு அடுத்தவருடைய விசுவாசத்தை அளக்காதீர்கள். கனிகளினாலே அறிவீர்கள் என்று மத்தேயு 7இல் இயேசு சொன்னது கள்ளத்தீர்க்கதரிசிகளைப் பற்றியது. தம்மைப் பின்பற்றும்படி அழைக்கிற போதகரிடம் அந்தச் சோதனையைப் பயன்படுத்தலாம், பக்கத்துப் பெஞ்சில் உட்காரும் விதவையிடம் அல்ல. படுக்கையில் கிடப்பவர், மனச்சோர்வினால் வீட்டைவிட்டு வெளியே வர இயலாதவர், சாகும் தறுவாயில் மனந்திரும்பியவர் ஆகியோரிடம் யாக்கோபு 2ஐ வாசித்துக் காட்டுவது கொடுமை. சிலுவையிலிருந்த கள்ளனுக்கு, ஒரு நற்கிரியைக்கும் அவகாசமில்லாத நிலையில், "இன்றைக்கு நீ என்னுடனேகூடப் பரதீசிலிருப்பாய்" என்ற வாக்கு கிடைத்தது.

எழுதிய தாளைச் சில மாதங்கள் கழித்து மீண்டும் எடுத்து, தீர்ந்தவற்றை அடித்துவிட்டுத் தீராதவற்றுக்கு நாள் குறியுங்கள். குழுவில் அந்தத் தாளை ஒருவருக்கொருவர் காட்ட வேண்டியதில்லை. அன்றைய வாசிப்புக்குத் தீத்து 3ஆம் அதிகாரம் பொருத்தமானது: 5ஆம் வசனம் நாம் செய்த நீதியின் கிரியைகளினிமித்தம் இரட்சிக்கப்படவில்லை என்கிறது, 14ஆம் வசனம், நம்முடையவர்களும் நற்கிரியைகளைச் செய்யப் பழகட்டும் என்கிறது.