படகின் அடியில் தேங்கும் தண்ணீருக்கு வழி

குன்னூரில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் தேயிலைச் சரிவு. மழைக்கு முன்பே அப்பா மண்வெட்டியோடு வாய்க்கால் வாரப் போய்விடுவார். ஓர் இடத்தில் சீகை இலை அடைத்தாலும் தண்ணீர் தானே வழி தேடிக்கொண்டு மண்ணை இழுத்துப் போகும். பிறகு கொச்சியில் மோட்டார் யாட் என்ற சொகுசுப் படகு ஒன்றில் 11 வருடம் எஞ்சின் வேலை பார்த்தேன். அங்கேயும் அப்பாவின் வேலைதான் எனக்கு. இப்போது அக்கா மகன் அதே வேலைக்குப் போகிறான். அவனுக்குச் சொன்னதையே இங்கே எழுதுகிறேன்.

தளப்பலகைக்குக் கீழே இருக்கும் பள்ளம்தான் பில்ஜ். மழைத்தண்ணீர், ஏசி சொட்டுவது, சுழல்தண்டு வெளியே போகும் கிளாண்டின் கசிவு எல்லாம் அங்கேதான் சேரும். அதை வெளியே இறைப்பது பில்ஜ் பம்ப். பம்பைத் தொடுவதற்கு முன் இந்தத் தண்ணீர் பம்ப் வரைக்கும் வருகிறதா என்று பாருங்கள். குறுக்குச் சட்டங்களின் அடியில் சின்னத் துளைகள் இருக்கும். முடி, பெயின்ட் செதில், வெட்டிப்போட்ட வயர் துண்டு எல்லாம் அதில் அடைத்துக்கொள்ளும். கம்பியால் குத்தி எடுத்துவிட்டு, முன்பக்கம் ஒரு வாளி தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். பம்ப் பக்கம் வந்து சேர வேண்டும். தடுப்புச் சுவரால் தனித்தனியாகப் பிரித்த அறைகள் என்றால், ஒவ்வொன்றையும் தனியாகச் சோதிக்க வேண்டும்.

பம்ப் வந்த பெட்டியில் 500 கேலன் என்று போட்டிருந்தால் அது அமெரிக்கக் கேலன்; மணிக்குச் சுமார் 1,900 லிட்டர். அதுவும் தண்ணீரை மேலே தூக்காமல் அளந்த கணக்கு. குன்னூர் வீட்டில் நீல டிரம்மில் பம்பை இறக்கி, ஹோஸை மாடிப்படி உயரத்துக்குத் தூக்கிக் காட்டியபோதுதான் மருமகனுக்கு இது புரிந்தது. வாளி நிறையவே இல்லை என்று நின்றான். உள்ளே வரிவரியாக இருக்கும் ஹோஸை மாற்றி வழவழப்பானதைப் போட்டதும் வேகம் கூடியது. நீர்மட்டத்துக்கு ஓர் அடி கீழே 1 அங்குல ஓட்டை விழுந்தால் நிமிடத்துக்கு 40 லிட்டருக்கு மேல் உள்ளே வரும். சின்னப் பம்பால் அதற்கு ஈடுகொடுக்க முடியாது. அந்த நேரத்தில் ஓட்டையை அடைப்பதும், கடல் தண்ணீர் உள்ளே வரும் வால்வை மூடுவதும்தான் முதல் வேலை.

வயரிங் விஷயத்தில் நான் பட்டு அறிந்தேன். தண்ணீர் ஏறினால் மிதந்து பம்பைத் தானே ஓடவைக்கும் ஃபுளோட் சுவிட்சின் இணைப்பை வெறும் டேப் சுற்றி, பில்ஜ் தண்ணீர் எட்டும் இடத்திலேயே விட்டிருந்தேன். ஜூன் மழையில் ஒரு ராத்திரி செம்பு பச்சையாகப் பூத்து அறுந்துவிட்டது. காலையில் போய்ப் பார்த்தால் பலகை மிதக்கிறது. அதற்குப் பிறகு இணைப்புகளை எட்டின மட்டும் உயரத்தில்தான் வைப்பேன். பசையுள்ள சுருங்கு குழாய் போட்டுச் சூடு காட்டி மூடுவேன். பம்பைத் தானாக ஓடவைக்கும் ஆட்டோ வயர், மெயின் சுவிட்சை அணைத்தாலும் மின்சாரம் வரும்படி பேட்டரியிலிருந்து நேராக, ஃபியூஸ் வழியாக வர வேண்டும். பம்பில் எழுதியிருக்கிற அளவு ஃபியூஸே போடுங்கள். அதைவிடப் பெரியது போட்டால், பம்புக்குள் சுழலும் இம்பெல்லர் சக்கரம் சிக்கும்போது ஃபியூஸ் போகாமல் மோட்டார் எரியும்.

வெளியேறும் துளை நீர்மட்டத்துக்கு மேலே இருக்கட்டும். ஹோஸை அதைவிட உயரமாக ஒரு வளைவு கொடுத்து இறக்குங்கள்; மேலே காற்று போக வழியும் வேண்டும். இல்லையென்றால் படகு சாயும்போது கடல் அதே குழாய் வழியாக உள்ளே வரும். பம்ப் ஹோஸில், தண்ணீர் திரும்பி வராமல் தடுக்கும் நான்-ரிட்டர்ன் வால்வு நான் போடுவதில்லை. அழுக்கில் ஒட்டிக்கொண்டால் பம்ப் ஓடும், தண்ணீர் போகாது.

எண்ணெய் மிதந்தால் ஆட்டோவை அணைத்து, உறிஞ்சும் துணி போட்டு எடுத்த பிறகு ஓட்டுங்கள். மீன் பிடித்துப் பிழைப்பவர்களின் தண்ணீர் அது.

வாரம் ஒருமுறை ஃபுளோட்டைக் கையால் தூக்கிப் பார்த்தால் மட்டும் போதாது, தண்ணீர் ஊற்றியே சோதியுங்கள். அப்புறம், பம்ப் ஒரு நாளில் எத்தனை முறை ஓடுகிறது என்று நோட்டில் குறியுங்கள். 2 முறை ஓடியது 6 முறை ஆனால், அன்றைக்கே டார்ச் எடுத்துக்கொண்டு கிளாண்டிலிருந்து தேட ஆரம்பியுங்கள்.