காகம் திருடியது வடைதான், குழந்தை வாசித்ததா?

எம்.எட். ஆய்வேடோ, ஆசிரியரே தன் வகுப்பில் செய்யும் செயலாராய்ச்சியோ, தொடக்கப் பள்ளியில் பெரும்பாலும் ஒரே அச்சுதான்: முன்தேர்வு, புதிய முறையில் பாடம், பின்தேர்வு, கடைசியில் இரண்டு சராசரிக்கும் உள்ள வித்தியாசம் தற்செயலா என்று பார்க்கும் ‘டி’ மதிப்பு. புள்ளியியலை மென்பொருள் பார்த்துக்கொள்ளும். தவறு அதற்கு வெகுமுன்பே, பிள்ளையின் கையில் தாளைக் கொடுக்கும்போதே நடந்துவிடுகிறது.

பாட்டி வடை சுட்ட கதையைக் கொடுத்து வாசிக்கச் சொல்கிறோம். பிறகு, “காகம் எதைத் திருடியது?” என்று கேட்கிறோம். “வடை!” என்கிறது பிள்ளை. வாசித்துப் புரிந்துகொண்டது என்று ஒரு மதிப்பெண். ஓர் எழுத்துகூடத் தெரியாத பிள்ளையும் அதே பதிலைத்தான் சொல்லியிருக்கும். “மாடு எதை மேய்ந்தது?” என்பதும் இந்த ரகம்தான். இதைக் கண்டுபிடிக்க ஒரு எளிய வழி உண்டு. பத்தியைக் காட்டாமல், கேள்விகளை மட்டும் நான்கைந்து பிள்ளைகளிடம் கேட்டுப் பாருங்கள். இரண்டு பேர் சரியாகச் சொல்லிவிட்டாலே அந்தக் கேள்வியைத் தூக்கிவிடலாம். ஏற்புடைமை, அதாவது அளக்க நினைத்ததையே தேர்வு அளக்கிறதா என்று பாடநூல் பெரிதாகச் சொல்வதில் பாதி இதுதான்.

அடுத்தது, நிமிடத்துக்கு எத்தனை சொல் என்ற கணக்கு. வேறு மொழிகளுக்கென்று வைத்த இலக்கை அப்படியே எடுத்துத் தமிழ்ப் பிள்ளைகள் மேல் வைத்து, ‘மெதுவாக வாசிக்கிறார்கள்’ என்று முடிவு எழுதுபவர்கள் இருக்கிறார்கள். ‘பள்ளிக்கூடத்திலிருந்து’ நமக்கு ஒரே சொல். அதில் 12 எழுத்துகள். ஆங்கிலத்தில் அதையே சொல்ல மூன்று சொற்கள் வேண்டும். போதாக்குறைக்கு, ‘வந்துகொண்டிருக்கிறான்’ என்பதைச் சேர்த்து அச்சிட்டால் ஒரு சொல், ‘வந்து கொண்டு இருக்கிறான்’ என்று பிரித்தால் மூன்று. அதே பிள்ளை, அதே வேகம், தட்டச்சு செய்தவர் இடைவெளி விட்டதைப் பொறுத்து எண்ணிக்கை மாறுகிறது! எழுத்துகளை எண்ணுங்கள். சொற்களைத்தான் எண்ணுவேன் என்றால், முன்தேர்வுப் பத்தியும் பின்தேர்வுப் பத்தியும் சொல் நீளத்தில் ஒத்திருக்கிறதா என்றாவது பாருங்கள்.

பிள்ளை ‘மழை’யை ‘மள’ என்று வாசிக்கிறது. பிழையா? ஒரு ஆசிரியர் சுழிப்பார், இன்னொருவர் விட்டுவிடுவார். என்னைக் கேட்டால் அது வீட்டில் பேசும் பேச்சு; எழுத்து தெரியாததால் வந்தது இல்லை. ‘மழை’யைப் பார்த்து ‘மலை’ உள்ள படத்தைக் காட்டினால்தான் அது வாசிப்புப் பிழை. ஆனால் என் கருத்து இங்கே முக்கியமில்லை. தேர்வுக்கு முன்பே விதியை எழுதி வைத்திருக்க வேண்டும், மதிப்பிடுகிற எல்லாரும் அதையே பின்பற்ற வேண்டும். பத்துப் பிள்ளைகள் வாசிப்பதை இரண்டு பேர் உட்கார்ந்து, ஒருவர் தாளை ஒருவர் பார்க்காமல் குறித்துப் பாருங்கள். முதல் தடவை பொருந்தாது. பொருந்தும்வரை பேசிவிட்டு வேலையைத் தொடங்குங்கள்.

கணிதத்தில் இன்னொரு இழப்பு. 43-இலிருந்து 27-ஐக் கழிக்கச் சொன்னால் ஒரு பிள்ளை 24 என்று எழுதும், இன்னொன்று 70 என்று எழுதும், மூன்றாவது ஒன்றும் எழுதாது. மூன்றுக்கும் பூஜ்யம். 24 எழுதிய பிள்ளை எந்த இலக்கம் பெரிதோ அதிலிருந்து சிறியதைக் கழித்திருக்கிறது. கடன் வாங்கத் தெரியவில்லை, அவ்வளவுதான். 70 எழுதியது கூட்டிவிட்டது. மதிப்பெண்ணை மட்டும் பதிந்தால் இது அத்தனையும் குப்பைக்குப் போகும். விடையை அப்படியே பதியுங்கள். ஒரு நெடுவரிசை கூடும், அவ்வளவுதான்.

சரி, முன்தேர்வு–பின்தேர்வுக்கு வருவோம். தமிழ்நாட்டில் 2022-இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்தில் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலைவாரியாகப் பிரிக்கிறார்கள். கற்பிக்க அது வசதி. ஆனால் அரும்பு நிலைப் பிள்ளைகளை மட்டும் எடுத்து, மூன்று மாதம் கழித்துச் சோதித்து, ‘என் முறையால் முன்னேறினார்கள்’ என்று எழுதுவதில் கண்ணி இருக்கிறது. முதல் நாள் காய்ச்சலோடு வந்தது, புது ஆளைப் பார்த்து வாயே திறக்காதது, எல்லாம் அந்தக் கீழ்க் கூட்டத்தில் கலந்திருக்கும். இரண்டாம் தடவை அவை தாமாகவே கொஞ்சம் மேலே வரும். அதோடு மூன்று மாதம் எந்தப் பிள்ளையும் வளராமல் நிற்பதில்லை. அதே நிலையில், வழக்கமான பாடம் மட்டும் கிடைத்த பிள்ளைகளையும் அளக்காமல் உங்கள் முறையின் பங்கு எவ்வளவு என்று சொல்ல முடியாது.

நான்கு விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் 40 கேள்வி என்றால், கண்ணை மூடிக்கொண்டு குறித்தாலும் சராசரியாக 10 வரும். 12 வாங்கியவருக்கு ‘30 சதவீதம் தெரியும்’ என்று எழுத வேண்டாம்.

ஆய்வேட்டின் முன்னுரையில் தேசிய ஆய்வுகளை ஒன்றோடொன்று ஒப்பிடுவதும் வழக்கமாகிவிட்டது. 2005 முதல் பிரதம் என்ற தொண்டு நிறுவனம் நடத்தும் அசர் என்ற கல்வி நிலை ஆய்வு, கிராமத்து வீடுகளுக்குப் போய் ஒவ்வொரு பிள்ளையிடமும் தனித்தனியாக வாய்மொழியாகக் கேட்பது. தேசிய அடைவு ஆய்வு பள்ளிக்குள் நடப்பது. அதிலும் 2021-இல் 3, 5, 8, 10 ஆகிய வகுப்புகள். 2024-இல் தேசிய மதிப்பீட்டு அமைப்பான பரக் நடத்தியது 3, 6, 9 ஆகிய வகுப்புகளில். ஐந்தாம் வகுப்பையும் ஆறாம் வகுப்பையும் பக்கத்தில் வைத்துவிட்டு ஏற்றம், இறக்கம் என்று எப்படிச் சொல்வது?

அப்புறம், வராத பிள்ளைகள். முன்தேர்வில் 40 பேர், பின்தேர்வில் 31 பேர் என்று வைத்துக்கொள்வோம். இரண்டு சராசரியையும் ஒப்பிட்டால் உயர்ந்ததுபோலத் தெரியலாம். விடுபட்ட 9 பேரின் முன்தேர்வு மதிப்பெண்ணைத் தனியே எடுத்துப் பாருங்கள். அவர்கள் பட்டியலின் அடியில் இருந்தவர்கள் என்றால், ஒருவர்கூடக் கற்காமலே சராசரி ஏறியிருக்கும்.