சோலை, புல்வெளி, ஓடை: மலைப் பூங்காவின் நிலையை அளப்பது எப்படி?

இரவிகுளம், ஆனைமுடிச் சோலை, பாம்பாடும் சோலை என்று மூணாறு, வட்டவடைப் பக்கத்துத் தேசியப் பூங்காக்களில் முதன்முறையாகக் கணக்கெடுக்கப் போகிறவர்களுக்கு இது. "காடு முன்னே மாதிரி இல்லை" என்ற பேச்சை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. அடுத்த வருடம் வேறொருவர் அதே இடத்தில், அதே முறையில் அளந்து ஒப்பிடக்கூடிய எண் வேண்டும்.

முதலில் அனுமதி. 1972ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி தலைமை வனவுயிர்க் காப்பாளரின் எழுத்துபூர்வ அனுமதி இல்லாமல் பூங்காவுக்குள் ஆய்வு செய்யக் கூடாது. வரையாடு குட்டி போடும் பிப்ரவரி, மார்ச் மாதங்களைத் தவிர்த்துத் திட்டமிடுங்கள்.

கருவிகள்: 50 மீட்டர் ஃபைபர் டேப், கிளைனோமீட்டர் (சரிவின் கோணத்தை அளக்கும் கருவி), காம்பஸ், கயிறு, மெல்லிய இரும்புக் கம்பி, பென்சில். ஸ்டீல் டேப் பாறையில் மடங்கி முறியும்; பேனா மை மஞ்சு ஈரத்தில் கரையும். ஓடிகே கலெக்ட் இணையம் இல்லாமலே பதிவு செய்யும் நல்ல செயலிதான். ஆனாலும் குளிரில் பேட்டரி சீக்கிரம் இறங்கிவிடும். முதலில் தாளில் எழுதுங்கள், மாலையில் மொபைலில் ஏற்றுங்கள்.

படி 1: இடம். வரைபடத்தில் சோலை (மலை மடிப்புகளில் இருக்கும் அடர்ந்த குட்டை மரக்காடு), புல்வெளி, ஓடைக்கரை என்று பிரித்து, ஒவ்வொன்றிலும் குலுக்கல் முறையில் புள்ளிகள் எடுங்கள். நடக்கச் சுலபம் என்று பாதையோரமாகவே எடுத்தால், பாதையோரம் செழிக்கும் களைகளைத்தான் எண்ணிக்கொண்டு வருவீர்கள்.

படி 2: சரிவுத் திருத்தம். புதியவர்கள் பெரும்பாலும் தடுக்கி விழுவது இங்கேதான். சோலையில் 10 × 10 மீட்டர் கட்டம் போட்டு மரங்களை எண்ணி, எக்டேருக்கு இத்தனை என்று கணக்கிடுவோம். எக்டேர் என்பது கிடைமட்டப் பரப்பு. 30 டிகிரி சரிவில் டேப்பைத் தரையோடு 10 மீட்டர் விரித்தால் கிடைமட்டத்தில் 8.66 மீட்டர்தான் கிடைக்கும். அப்படி அடித்த 10 × 10 கட்டம் 100 சதுர மீட்டர் அல்ல, 86.6. அதை 100 என்று வைத்துக் கணக்கிட்டால், எக்டேருக்கு இத்தனை மரம் என்ற எண் சுமார் 13 சதவீதம் குறைந்துவிடும்.

தீர்வு: மேலிருந்து கீழாகப் போகும் இரண்டு பக்கங்களை மட்டும் நீட்டுங்கள். 20 டிகிரிக்கு 10.64 மீட்டர், 30க்கு 11.55, 40க்கு 13.05. சரிவுக்குக் குறுக்கே போகும் பக்கங்கள் 10 மீட்டராகவே இருக்கட்டும்.

கோணம் எடுக்கும்போது கூட வருபவரின் காலைக் குறிபார்க்காதீர்கள். ஒரு குச்சியில் உங்கள் கண் உயரத்தைக் குறித்து அவரிடம் கொடுத்து, அந்தக் குறியைப் பாருங்கள். பல கிளைனோமீட்டர்களில் டிகிரி, சதவீதம் என இரண்டு அளவுகோல்கள் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். 30 டிகிரி என்பது 58 சதவீதம். அந்த 58ஐ டிகிரி என்று படித்தால் கட்டம் கிட்டத்தட்ட 19 மீட்டருக்கு நீண்டுவிடும்.

படி 3: புல்வெளி. "களை 40 சதவீதம் இருக்கும்" என்று கண்மதிப்பில் எழுதாதீர்கள், ஆளுக்கு ஆள் மாறும். 50 மீட்டர் டேப்பை விரித்து, அரை மீட்டருக்கு ஒரு முறை கம்பியை நேராக இறக்கி, முதலில் எது படுகிறதோ அதை எழுதுங்கள்: புல், குறிஞ்சி, வாட்டில் (வெளிநாட்டிலிருந்து வந்து பரவும் அகேசியா மரம்), வேறு செடி, சருகு, வெறும் மண், பாறை. 0.5இல் தொடங்கி 50இல் முடித்தால் சரியாக 100 புள்ளிகள், எண்ணிக்கையே சதவீதம். பூஜ்ஜியத்தில் தொடங்கினால் 101 ஆகிவிடும். இதற்குச் சரிவுத் திருத்தம் தேவையில்லை.

படி 4: சோலை. திருத்திய கட்டத்துக்குள், 1.3 மீட்டர் உயரத்தில் சுற்றளவு 30 சென்டிமீட்டருக்கு மேல் உள்ள மரங்களை அளங்கள். சரிவில் மேட்டுப் பக்கம் நின்று அளக்க வேண்டும். உள்ளே சிறு கட்டம் போட்டு நாற்றுகளை எண்ணுங்கள். பெரிய மரம் நிறைய இருந்து நாற்று இல்லையென்றால் அந்தச் சோலை நலமாக இல்லை.

படி 5: ஓடை. நேராக ஓடும் 10 மீட்டர் தூரத்தைத் தேர்ந்து, அகலத்தையும் குறைந்தது ஐந்து இடங்களில் ஆழத்தையும் எடுங்கள். ஒரு ஆரஞ்சுப் பழத்தை மிதக்கவிட்டு நேரம் பாருங்கள். முக்கால்வாசி மூழ்கி மிதப்பதால் காற்று அதைத் தள்ளாது. ஐந்து முறை விட்டுச் சராசரி எடுங்கள். மேல்நீர் வேகமாகவும் அடிநீர் மெதுவாகவும் ஓடும் என்பதால், பாறை ஓடைக்கு 0.8ஆல் பெருக்குங்கள். அகலம் 2 மீட்டர், சராசரி ஆழம் 0.25, நேரம் 20 நொடி என்றால், குறுக்குப் பரப்பு 2 × 0.25 = 0.5, வேகம் 10 ÷ 20 = 0.5: 0.5 × 0.5 × 0.8 = 0.2 கன மீட்டர், அதாவது நொடிக்கு 200 லிட்டர். முந்தைய மூன்று நாள் மழை விவரத்தையும் பக்கத்திலேயே எழுதாவிட்டால் இந்த எண்ணுக்கு அர்த்தமில்லை.

படி 6: படம். அடுத்த வருடம் அதே படத்தை எடுக்க, காம்பஸ் கோணம், கேமரா உயரம் இரண்டையும் குறித்துக்கொள்ளுங்கள். ஜூம் வேண்டாம்.

பின்னர் சேர்த்தவை

கட்டத்தையும் நீட்டி, கணக்கிலும் பரப்பைச் சரிவுக் கோணத்தின் கொசைனால் (30 டிகிரிக்கு 0.866) பெருக்கியவர்கள் இருக்கிறார்கள். இரண்டில் ஒன்றுதான் செய்ய வேண்டும்.

நீலக்குறிஞ்சி 2018இல் பூத்து முடிந்ததும் கூட்டமாக மடிந்தது. அதற்கு முந்தைய அளவோடு அடுத்த வருட அளவை ஒப்பிட்டு "குறிஞ்சி அழிகிறது" என்று எழுதினால் தவறு. 2030 பூப்புக்குப் பிறகும் இதே நிலைதான் வரும்.

வாட்டில் விதை மண்ணில் பல பத்தாண்டுகள் உயிரோடு கிடக்கும், தீ பட்டால் ஒரேயடியாக முளைக்கும். அதனால் தீப்பட்ட இடமா என்று குறித்து, முழங்காலுக்குக் கீழ் உள்ள கன்றுகளைத் தனியாக எண்ணுங்கள். கைக்கு எட்டுகிறதே என்று பிடுங்காதீர்கள். அது வனத்துறையின் திட்டத்தோடு சேர்ந்து நடக்க வேண்டிய வேலை. அளக்கும் கட்டத்துக்குள் பிடுங்கினால் அடுத்த வருட எண்ணை எதோடும் ஒப்பிட முடியாது.