எழுத்துப் படித்த கதைகளை ஒப்பிடுவது எப்படி?

மூத்தவர்கள் எழுத வாசிக்கப் பழகிய கதையைக் கேட்டுப் பதிந்து, பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதுதான் வேலை. முதலில் ஆளைத் தேடுங்கள். தொடக்கத்துக்கு இரண்டு பேர் போதும். இலங்கையின் கிழக்குக் கரையில், தமிழ் ஊரான காரைதீவில் ஓர் அம்மம்மா, முஸ்லிம் ஊரான காத்தான்குடியில் ஒரு மூத்தம்மா (அங்கே பாட்டியை அப்படித்தான் அழைப்பார்கள்) என்று வைத்துக்கொள்வோம். வயது மட்டும் கிட்டத்தட்ட ஒன்றாக இருக்கட்டும். 1945இல் இலவசக் கல்வி வருமுன் படித்தவரையும் அதற்குப் பின் படித்தவரையும் பக்கத்தில் வைத்தால், வித்தியாசம் ஊரால் வந்ததா காலத்தால் வந்ததா என்று பிரிக்க முடியாது.

அடுத்தது கேள்வி. "எப்படிப் படிச்சீங்க?" என்றால் "கஷ்டப்பட்டுத்தான் மகன்" என்பதோடு சரி. கை தொட்ட பொருளைப் பற்றிக் கேளுங்கள்: "முதல் எழுத்தை எதில எழுதினீங்க, கையைப் பிடிச்சது ஆர்?" தாம்பாளத்து அரிசி, முற்றத்து மணல், சிலேட்டு என்று ஏதாவது வரும், அதன் பின்னால் கதையும் வரும். வருடம் கேட்க வேண்டாம். "சூறாவளிக்கு முன்னமா, பின்னமா?" என்றால் போதும், 1978 நவம்பரை இங்கே யாரும் மறக்கவில்லை.

"எனக்குப் படிப்பில்ல" என்பதை அப்படியே எழுதிவிடுவதுதான் புதியவர்கள் வழுக்கும் இடம். அந்த மூத்தம்மா குர்ஆன் ஓதுவார், அறபு எழுத்தில் எழுதும் தமிழான அறபுத்தமிழும் வாசிப்பார். தமிழ் எழுத்தில் கையெழுத்துக் கேட்டால் கைநாட்டு. அம்மம்மா கண்ணகி அம்மன் கோயிலின் வைகாசிச் சடங்கில், கண்ணகி கதையைப் பாடும் கண்ணகி வழக்குரையைக் கேட்டுக் கேட்டே அடிகளை மனப்பாடமாகச் சொல்லுவார். புத்தகத்தைக் கொடுத்தால் எழுத்துக்கூட்டத் தெரியாது. இருவரையும் 'படிக்காதவர்' என்று ஒரே பெட்டியில் போட்டால் ஒப்பிட ஒன்றும் மிஞ்சாது. ஒரு மருந்துச் சீட்டையோ பஸ் பெயர்ப்பலகைப் படத்தையோ காட்டிப் பாருங்கள். "கண்ணாடி கொண்டுவரல்ல" என்றால் அத்தோடு விட்டுவிடுங்கள். அதுவும் ஒரு பதில்தான்.

ஃபோனில் 40 நிமிடம் பதியுங்கள். எழுதி எடுக்க மூன்று, நான்கு மணித்தியாலம் போகும். பேரப்பிள்ளை பக்கத்தில் இருந்தால் எல்லாப் பதிலையும் அவரே சொல்லிவிடுவார். தேத்தண்ணி போட அனுப்பிவிடுங்கள்.

பிறகு ஏ4 தாளைக் குறுக்காக வைத்து 5 நிரல் போடுங்கள்: எதில் எழுதினார், யார் பழக்கினார், எந்த எழுத்து, படிப்பு எங்கே நின்றது, இன்று எதற்கு உதவுகிறது. ஆளுக்கு ஒரு வரிசை. வெற்றிடத்தை ஊகித்து நிரப்பாதீர்கள், திரும்பப் போய்க் கேளுங்கள். வாசிக்கும்போது மேலிருந்து கீழாக வாருங்கள். குறுக்கே வாசித்தால் இரண்டு தனிக்கதைதான் கிடைக்கும்.

அதிகம் பேசுவது 'எங்கே நின்றது' நிரல். "இருவரும் மூன்றாம் வகுப்போடு நின்றார்கள்" என்பது பாதிதான். ஒருவர் தம்பியைத் தூக்கி வைத்திருக்க நின்றிருப்பார், மற்றவர் பள்ளிக்கூடம் தூரமென்று. காரணத்தை அவர்கள் சொன்ன சொல்லிலேயே அந்தக் கட்டத்துக்குள் எழுதுங்கள்.