35 வயதைக் கடந்த தாய்க்குப் பிரசவ வலியைத் தூண்டுவது: முடிவெடுப்பதிலிருந்து பிரசவ அறை வரை

35 வயதைக் கடந்து கருவுற்றிருக்கும் ஒரு பெண்ணிடம், அதிலும் 40 வயதைத் தொட்டவரிடம், நிறைமாதம் நெருங்கும் வேளையில் மருத்துவர், "வலி தானாக வரும்வரை காத்திருக்க வேண்டாம், 39 வாரம் முடிந்ததும் மருந்து வைத்து வலியைத் தூண்டிவிடலாம்" என்று சொன்னால், குழந்தைக்கு ஏதோ ஆகிவிட்டது என்றுதான் வீட்டில் உள்ளவர்கள் முதலில் பதறுவார்கள். பெரும்பாலும் அப்படி எதுவும் ஆகியிருக்காது. அந்த யோசனை எங்கிருந்து வருகிறது, அதை ஏற்பதானால் எப்படித் தயாராவது, மறுப்பதானால் எந்தக் கவனத்தோடு காத்திருப்பது என்பதை 36ஆம் வாரத்துக்குள் தெரிந்துகொண்டால், முடிவு உங்கள் கையை விட்டுப் போகாது.

காரணத்திலிருந்து தொடங்குவோம். தாயின் வயது கூடக்கூட, நிறைமாதத்தின் கடைசி நாட்களில் குழந்தை வயிற்றிலேயே இறந்துபோகும் ஆபத்து சிறிது கூடுகிறது. இரத்த அழுத்தம், சர்க்கரை நோய் போன்றவற்றைக் கழித்துவிட்டுப் பார்த்தாலும் வயதோடு ஒட்டிய அந்தக் கூடுதல் ஆபத்து மிஞ்சுகிறது. பிரிட்டனின் ராயல் மகப்பேறு மருத்துவக் கல்லூரி 2013இல் வெளியிட்ட அறிக்கையின்படி, 39ஆம் வாரத்துக்கும் 40ஆம் வாரத்துக்கும் இடையில் இப்படி நேர்வது 35 வயதுக்கு உட்பட்டவர்களில் ஆயிரத்துக்கு 1. 40 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களில் ஆயிரத்துக்கு 2. அதாவது, 40 வயதுப் பெண் 39ஆம் வாரத்திலேயே, இருபதுகளின் நடுவில் உள்ள பெண் 41ஆம் வாரத்தில் இருக்கும் நிலைக்கு வந்துவிடுகிறார். ஆபத்து இரு மடங்கு என்று மட்டும் கேட்டால் நெஞ்சு அடைக்கும். ஆயிரத்தில் 998 பேருக்கு அது நேர்வதில்லை என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டும். இந்த இரண்டையும் ஒன்றாகச் சொல்லாத எந்த ஆலோசனையும் முழுமையானதல்ல என்பது என் உறுதியான எண்ணம்.

அடுத்து எழும் அச்சம், "வலியைத் தூண்டினால் கடைசியில் சிசேரியனில்தான் போய் முடியும்" என்பது. இதைச் சோதித்த ஆய்வுகள் உண்டு. 35 வயதைக் கடந்து முதல் குழந்தையைச் சுமந்த 619 பெண்களைக் கொண்டு பிரிட்டனில் நடந்து, 2016இல் வெளியான ஆய்வில், 39ஆம் வாரத்தில் வலி தூண்டப்பட்டவர்களில் 32 சதவீதத்தினருக்கும், காத்திருந்தவர்களில் 33 சதவீதத்தினருக்கும் சிசேரியன் நடந்தது. அதாவது வேறுபாடு இல்லை. அமெரிக்காவில் தலைப்பிரசவத்துக்கு வந்த 6,106 பெண்களிடம் நடந்து, 2018இல் வெளியான 'அரைவ்' ஆய்வில் தூண்டப்பட்டவர்களிடம் சிசேரியன் குறைவாகவே இருந்தது: 18.6 சதவீதம், மற்றவர்களிடம் 22.2 சதவீதம். ஆனால் குழந்தை இறப்பு மிக அரிதானது என்பதால், அது குறைகிறதா என்று காட்டும் அளவுக்கு இந்த இரண்டு ஆய்வுகளுமே பெரியவை அல்ல. அமெரிக்க மகப்பேறு மருத்துவர்களின் கல்லூரி 2022 முதல், 40 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்கு 39ஆம் வாரத்திலேயே பிரசவத்தை முடிக்கப் பரிந்துரைக்கிறது. 35 முதல் 39 வயது வரை உள்ளவர்களுக்கு வேறு சிக்கல் எதுவும் இல்லையென்றால், வயதை மட்டும் வைத்து யாரும் அவசரப்படுத்தக் கூடாது.

முதலில் செய்ய வேண்டியது தேதியை உறுதிப்படுத்துவது. 39 வாரம் என்பதை எதிலிருந்து எண்ணினார்கள் என்று கேளுங்கள். முதல் மூன்று மாதங்களுக்குள் எடுத்த ஸ்கேனில் குழந்தையின் நீளத்தை அளந்து வைத்த தேதிதான் நம்பகமானது. கடைசி மாதவிடாயை நினைவிலிருந்து சொன்னதும், எட்டாம் மாத ஸ்கேன் காட்டிய தேதியும் அந்த அளவுக்குத் துல்லியமானவை அல்ல. செயற்கைக் கருத்தரிப்பில் கருவை வைத்த நாளே தெரியும் என்பதால் ஐயத்துக்கு இடமில்லை. ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறேன் என்றால், கணக்கில் இரண்டு வாரம் பிசகினால் 39 என்று நினைத்தது உண்மையில் 37 ஆக இருக்கும். அப்படிப் பிறக்கும் குழந்தைக்கு மூச்சுத்திணறல், பால் குடிப்பதில் சுணக்கம், இரத்தச் சர்க்கரை இறங்குதல் ஆகியவை கூடுதலாக வருகின்றன. மருத்துவக் காரணம் இல்லாமல் 39 வாரம் முழுமையாக முடிவதற்கு முன் வலியைத் தூண்டக் கூடாது. காரணம் இருந்தால் கதை வேறு: கர்ப்ப கால உயர் இரத்த அழுத்தம், கட்டுக்குள் வராத சர்க்கரை, வளர்ச்சி குன்றிய குழந்தை ஆகியவற்றுக்கு 37, 38ஆம் வாரத்திலோ அதற்கு முன்போ பிரசவம் தேவைப்படலாம்.

நஞ்சுக்கொடி கருப்பை வாயை மூடியிருந்தாலோ, குழந்தை குறுக்காகக் கிடந்தாலோ வலியைத் தூண்ட முடியாது. முன்பு சிசேரியன் ஆனவர்கள் பழைய அறுவைக் குறிப்பைக் கட்டாயம் கொண்டுசெல்ல வேண்டும். கருப்பையில் மேலிருந்து கீழாக வெட்டியிருந்தால் சுகப்பிரசவ முயற்சியே ஆபத்து, மற்ற தழும்புகள் இருந்தாலும் வலியைத் தூண்டும் மிசோப்ரோஸ்டால் மருந்து தரக் கூடாது.

இனி கருப்பை வாய். தூண்டுதல் எளிதாகுமா, நீண்டு இழுக்குமா என்பதில் பாதிக்கு மேல் இங்கேதான் இருக்கிறது. மருத்துவர் இரு விரலால் உள்ளே சோதிக்கும்போது அவர் பார்ப்பது ஐந்து: வாய் எத்தனை சென்டிமீட்டர் திறந்திருக்கிறது, எவ்வளவு மெலிந்திருக்கிறது, கெட்டியா மெத்தென்றா, பின்னோக்கியா முன்னோக்கியா, குழந்தையின் தலை எவ்வளவு இறங்கியிருக்கிறது. இவற்றைக் கூட்டிச் சொல்வதற்குப் பிஷப் மதிப்பெண் என்று பெயர். 8 அல்லது அதற்கு மேல் இருந்தால் உடல் ஆயத்தமாகிவிட்டது, 6 அல்லது அதற்குக் கீழ் என்றால் முதலில் கனிய வைக்க வேண்டும். உங்கள் மூக்கின் நுனியைத் தொட்டுப் பாருங்கள்: கனியாத கருப்பை வாய் விரலுக்கு அப்படித்தான் படும். பிறகு உதட்டைத் தொட்டுப் பாருங்கள்: கனிந்தது அப்படி இருக்கும். பரிசோதனை முடிந்ததும் "என் மதிப்பெண் எத்தனை?" என்று கேளுங்கள். அந்த ஓர் எண், அடுத்து வருவது அரை நாளா இரண்டு நாளா என்பதை ஓரளவு சொல்லிவிடும்.

வாய் சற்றே திறந்திருந்தால், 39ஆம் வாரத்தில் மருத்துவர் விரலை உள்ளே நுழைத்து, பனிக்குடச் சவ்வைக் கருப்பைச் சுவரிலிருந்து வட்டமாகச் சுழற்றிப் பிரித்துவிடலாம். இதனால் கருப்பை வாயை மென்மையாக்கும் புரோஸ்டாகிளாண்டினை உடலே சுரந்து, சிலருக்கு மருந்து இல்லாமலேயே வலி பிடித்துக்கொள்ளும். செய்யும்போது நன்றாகவே வலிக்கும், பிறகு சளி கலந்த லேசான இரத்தக் கசிவும் இருக்கும். உங்கள் சம்மதம் கேட்காமல், சாதாரணப் பரிசோதனையோடு பரிசோதனையாக இதைச் செய்துவிடுவது சரியல்ல. முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

கனிய வைப்பதற்கு இரண்டு வழிகள் உண்டு. ஒன்று மருந்து: டினோப்ரோஸ்டோன் ஜெல் அல்லது பட்டி, அல்லது 25 மைக்ரோகிராம் மிசோப்ரோஸ்டால். மற்றொன்று மருந்தே இல்லாத பலூன் குழாய். மெல்லிய ரப்பர் குழாயைக் கருப்பை வாய்க்கு உள்ளே செலுத்தி, அதன் முனையில் உள்ள பலூனில் 30 முதல் 60 மில்லிலிட்டர் வரை நீரை நிரப்புவார்கள். பலூன் உள்ளிருந்து வாயை மெல்ல அழுத்தி விரிக்கும். குழாயின் மறுமுனையைச் சிறிது இழுத்துத் தொடையில் ஒட்டிவிடுவார்கள். நடக்கலாம், உறங்கலாம். வாய் மூன்று, நான்கு சென்டிமீட்டர் திறந்ததும் பலூன் தானாக நழுவி வெளியே விழும். கழிவறையில் அது விழுந்ததைக் கண்டு திடுக்கிட வேண்டாம், அது நல்ல செய்தி. கருப்பை அளவுக்கு மீறிச் சுருங்கும் ஆபத்து பலூனில் குறைவு என்பதால், குழந்தை சிறியதாக இருந்தாலோ முன்பு சிசேரியன் ஆகியிருந்தாலோ பல மருத்துவர்கள் இதையே விரும்புகிறார்கள்.

வாய் கனிந்த பின் பனிக்குடத்தை உடைத்து, டிரிப்ஸ் வழியாக, கருப்பையைச் சுருங்க வைக்கும் ஆக்ஸிடோசின் மருந்தைக் கொடுப்பார்கள். மிகக் குறைந்த அளவில் தொடங்கி, ஏறத்தாழ அரை மணிக்கு ஒரு முறை சிறுகக் கூட்டி, 10 நிமிடத்துக்கு 3 முதல் 5 வலிகள் வரும் நிலையில் நிறுத்துவார்கள். 5க்கு மேல் போனால் இரண்டு வலிகளுக்கு நடுவே குழந்தைக்கு ஆக்சிஜன் போதிய அளவு கிடைக்காது. உடனே டிரிப்ஸைக் குறைக்க வேண்டும் அல்லது நிறுத்த வேண்டும். இதனால்தான் குழந்தையின் இதயத் துடிப்பைக் கருவி மூலம் தொடர்ந்து கவனிக்க வேண்டியிருக்கிறது. அந்த வசதியும், தேவைப்பட்டால் உடனே சிசேரியன் செய்யும் ஏற்பாடும் இல்லாத இடத்தில் வலியைத் தூண்டச் சம்மதிக்காதீர்கள். தூண்டப்பட்ட வலி, தானாக வரும் வலியைவிடக் கடுமையாக இருந்ததாகப் பலர் சொல்கிறார்கள். முதுகில் ஊசி வழியாக மருந்து செலுத்தி வலியை மரக்கச் செய்யும் எபிடூரல் வேண்டுமா என்பதை வலி உச்சத்துக்குப் போன பிறகு யோசிக்காமல் முன்பே பேசி வையுங்கள். குழந்தை பிறந்ததும் இரத்தப்போக்கைத் தடுக்க ஆக்ஸிடோசின் ஊசி போடுவார்களா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள், ஏனெனில் வயது கூடிய தாய்மாருக்கும் நீண்ட பிரசவத்துக்கும் இரத்தப்போக்கு சற்று அதிகம்.

குடும்பத்தாரிடம் முன்கூட்டியே சொல்ல வேண்டியது ஒன்றுதான்: தலைப்பிரசவத்தில், கனியாத வாயோடு தொடங்கினால், முதல் மருந்திலிருந்து குழந்தை பிறக்கும்வரை ஒரு நாளோ இரண்டு நாளோ ஆகலாம். காலையில் சேர்த்து மாலைக்குள் குழந்தையை எதிர்பார்ப்பவர்கள், இரவானதும் பொறுமை இழந்து "ஆபரேஷனே செய்துவிடுங்கள்" என்கிறார்கள்; அந்த அவசரத்தில் தேவையில்லாத சிசேரியன்கள் நடக்கின்றன. தாயும் சேயும் நலமாக இருக்கும்வரை, பனிக்குடம் உடைந்து ஆக்ஸிடோசின் தொடங்கி 12 முதல் 18 மணி நேரமாவது ஆகாமல், தூண்டுதல் தோற்றுவிட்டது என்று முடிவுகட்டத் தேவையில்லை. முதல் கட்டத்தில் அனுமதிக்கும்வரை சாப்பிடுங்கள், நடங்கள், முடிந்தபோதெல்லாம் தூங்குங்கள். துணைக்கு இருப்பவர்கள் இருவராக இருந்து முறை மாற்றிக்கொள்வது நல்லது.

காத்திருப்பதைத் தேர்ந்தெடுத்தாலும் அது தவறான முடிவல்ல. ஆனால் எத்தனை நாள் என்று ஓர் எல்லையை மருத்துவரோடு பேசி எழுதிக்கொள்ளுங்கள். 41 வாரத்தைத் தாண்டிக் காத்திருப்பதைப் பல வழிகாட்டுதல்கள் எந்த வயதிலும் பரிந்துரைப்பதில்லை. இடைப்பட்ட நாட்களில் இரத்த அழுத்தம், பனிக்குட நீர், குழந்தையின் இதயத் துடிப்பு ஆகியவற்றை எப்போதெல்லாம் பார்க்க வேண்டும் என்று கேட்டு, அந்த நாட்களைத் தவறவிடாதீர்கள். விளக்கெண்ணெய் குடித்து வலியை வரவழைக்க முயல வேண்டாம். வாந்தியும் பேதியும்தான் மிஞ்சும். கடையில் கிடைக்கும் மிசோப்ரோஸ்டால் மாத்திரையை வீட்டில் எடுப்பது உயிருக்கே ஆபத்து, ஏனெனில் வேறு தேவைகளுக்காக விற்கப்படும் மாத்திரை ஒன்றில் வழக்கமாக 200 மைக்ரோகிராம் இருக்கிறது. பிரசவ அறையில் ஒரு வேளைக்குத் தருவதைப் போல எட்டு மடங்கு.

குழந்தையின் அசைவு குறைந்ததாகத் தோன்றினால், தூண்டுவதற்கு நாள் குறித்திருந்தாலும் இல்லாவிட்டாலும், மறுநாள் காலைவரை பொறுக்காமல் அந்த வேளையிலேயே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். நிறைமாதத்தில் இடம் போதாததால் அசைவு குறைவது இயல்புதான் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அசைவின் தன்மை மாறலாம், ஆனால் எண்ணிக்கை குறையக் கூடாது.